இலங்கை மின்சார சபையின் செலவுக் கணக்கை உண்மையில் யார் பார்க்கிறார்கள்?

தலவாக்கலைக் கடை:
எல்லோருக்கும் வணக்கம். தலவாக்கலை டவுனில் சின்ன சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் இரண்டு நாள் விடாத மழை, மேல் கொத்மலை அணையில் வான்கதவைத் திறந்துவிட்டார்கள். கடைக்குத் தேத்தண்ணி குடிக்க வந்த ஒரு தோட்டத்து அண்ணன் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே, "இவ்வளவு தண்ணியும் கரண்டாகாம சும்மா போகுதே, அப்புறம் எதுக்குத் தம்பி ரேட்டைக் கூட்டணும்னு கேக்குறாங்க?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நம்ம மலையில் விழுகிற மழையில்தான் காசல்ரீ, மவுசாக்கலை, கொத்மலை எல்லாம் ஓடுகின்றன. சபை சரியாகச் செலவு செய்கிறதா, வீணாக்குகிறதா என்று பார்க்க அரசாங்கத்தில் யாருக்காவது பொறுப்பு இருக்கிறதா? மந்திரியா, பாராளுமன்றமா, வேறு யாருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அந்த அண்ணனுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

நோர்ட்டன் பக்கம்:
தம்பி, முதலில் தண்ணி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மேல் கொத்மலை 150 மெகாவாட் நிலையம், 2012இல் ஓடத் தொடங்கியது, ஆனால் அதன் நீர்த்தேக்கம் ரொம்பச் சின்னது. ஆற்றில் வருகிறதை அன்றன்றைக்கு ஓட்டுகிற மாதிரி அமைப்பு, அதனால் பெரிய மழை வந்தால் மிச்சத்தை விட்டுத்தான் ஆக வேண்டும், அதை வீண் என்று சொல்ல முடியாது. மவுசாக்கலை, காசல்ரீ அப்படியில்லை, அவை மாதக்கணக்கில் சேர்த்து வைக்கிற குளங்கள். அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: எந்த மாதம் எவ்வளவு தண்ணியை இறக்கினார்கள், அதே நாளில் எண்ணெயில் ஓடுகிற மின்நிலையம் எத்தனை மணி நேரம் ஓடியது, ஏன் ஓடியது? சாமர்த்தியமும் அசட்டையும் தெரிவது அந்த இடத்தில்தான். நீர்மின்சாரத்துக்கு எரிபொருள் செலவு கிடையாது, ஆனால் நாட்டுக்குத் தேவையானதில் அது மழையைப் பொறுத்து கால்பங்கிலிருந்து பாதி வரைதான் தரும். மிச்சம் பெரும்பாலும் நுரைச்சோலை நிலக்கரி, அப்புறம் எண்ணெய், சூரிய சக்தி, காற்று. நம்ம மலைத்தண்ணி எவ்வளவு மலிவாக இருந்தாலும் விலை அந்த மொத்தக் கலவைக்குத்தான் போடப்படுகிறது.

பண்டாரவளை டீச்சர்:
பொறுப்பு யாருக்கு என்றால், சட்டப்படி இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு. 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தில் உருவானது, 2009ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் கட்டணத்தை அங்கீகரிக்கும் அதிகாரத்தையும் அதன் கையில் கொடுத்தது. சபை தன் செலவு மதிப்பீட்டைக் கொடுக்கும், ஆணைக்குழு அதைச் சரிபார்த்து, பொதுமக்கள் கருத்தையும் கேட்டு முடிவெடுக்கும். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. 2025 ஜனவரியில் கட்டணத்தை அப்படியே வைக்கலாம் என்று சபை சொன்னபோது ஆணைக்குழு சராசரியாக 20 வீதம் குறைத்தது. அதே ஆண்டு ஜூனில் சபை 18.3 வீதம் கூட்டக் கேட்டது, ஆணைக்குழு 15 வீதம்தான் கொடுத்தது. ஐந்து மாதத்துக்குள் இப்படி இறங்கி ஏறுவது சாப்பாட்டுக் கடைக்காரருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குப் புரிகிறது, ஆனால் யாரோ ஒருவர் கணக்கைத் திறந்து பார்த்தார் என்பதும் அதில் தெரிகிறது.

கணக்காய்வாளர் நாயகமும் வருடாவருடம் சபையின் கணக்கைப் பரிசோதிக்கிறார். அரச நிறுவனங்களின் கணக்கைப் பார்க்கிற பாராளுமன்றக் குழுவான கோப் குழு, அதிகாரிகளைப் பாராளுமன்றத்துக்கு அழைத்து விசாரிக்கிறது. இரண்டும் தேவைதான், ஆனால் பணம் செலவாகி முடிந்த பிறகு நடக்கிற விசாரணைகள் அவை.

மஸ்கெலியா மழை:
டீச்சர், சட்டம் எழுத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. 2023இல் கட்டண உயர்வை எதிர்த்துப் பேசிய ஆணைக்குழுத் தலைவரை அந்த மே மாதமே பாராளுமன்றம் வாக்கெடுப்பு வைத்து நீக்கியது, 123க்கு 77. அவர் செய்தது எல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. மேற்பார்வை செய்கிறவரின் நாற்காலியே ஆளும் கட்சியின் கையில் இருந்தால் அடுத்து வருகிறவர் எவ்வளவு துணிந்து கேட்பார் என்பதுதான் என் கவலை.

அந்த உயர்வு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், எப்படி விழுந்தது என்று பாருங்கள். மாதம் 20 யூனிட் எரிக்கிற வீடு, இரண்டு பல்ப், ஒரு டிவி, போன் சார்ஜ். 2022 ஆகஸ்ட் வரை யூனிட் இரண்டரை ரூபா, நிலையான கட்டணம் 30, ஆக 80 ரூபா. ஆகஸ்டில் யூனிட் 8 ரூபா, நிலையானது 120, ஆக 280. 2023 பெப்ரவரியில் யூனிட் 30, நிலையானது 400, கூட்டிப் பாருங்கள், சரியாக ஆயிரம் ரூபா! அப்போது தோட்டத்தில் ஒரு நாள் பேரும், அதாவது நாட்சம்பளமும், ஆயிரம்தான். ஒரு நாள் முழுக்கக் கொழுந்து பறித்த காசு அப்படியே அந்தக் கரண்ட் பில்லுக்குப் போனது. பிறகு ஜூலையில் குறைத்தார்கள், ஆனால் இடையில் அந்த ஐந்து மாதத்தை எந்தக் குழு விசாரித்துத் திருப்பித் தரும்?

பண்டாரவளை டீச்சர்:
தம்பி, அந்தக் கணக்குக்கு என்னிடம் பதில் இல்லை. நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. நாற்காலி விஷயத்திலும் உங்களோடு நிற்கிறேன்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கட்டணத்தை மட்டும் பார்க்கிற மேற்பார்வை போதாது, ஒரு திட்டம் ஏன் இவ்வளவு இழுத்தது என்றும் கேட்க வேண்டும். எங்கள் ஊவாவில் உமா ஓயா, 120 மெகாவாட், 2010இல் வேலை தொடங்கி 2024 ஏப்ரலில்தான் திறந்தார்கள். அது சபையின் தனித் திட்டம் இல்லை, ஆனால் அந்தக் கரண்ட் கிடைக்காத வருடங்களில் வேறு நிலையங்களை ஓட்டித்தான் சமாளித்தார்கள், அந்தச் செலவு நம் எல்லோர் பில்லிலும் ஏறியது. மறுபக்கம், 2000 வாக்கில் உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கம்பியிலும் களவிலும் போய்க்கொண்டிருந்தது, அதை இப்போது பத்து வீதத்துக்குக் கீழே இறக்கியிருக்கிறார்கள். வேலை செய்தவர்களைப் பாராட்ட வேண்டும். இலக்கு வைத்து, அளந்து, கேள்வி கேட்டால் இந்தச் சபையாலும் முடியும் என்று அதனால்தான் நம்புகிறேன்.

நோர்ட்டன் பக்கம்:
2024இல் வந்த புதுச் சட்டத்தின்படியும் 2025 திருத்தத்தின்படியும் சபையை அரசுக் கம்பனிகளாகப் பிரிப்பதுதான் ஏற்பாடு, உற்பத்திக்கு வேறு, கம்பிக்கு வேறு, எந்த நிலையத்தை எப்போது ஓட்டுவது என்று தீர்மானிப்பதற்கு வேறு. இதில் ஒரு நன்மை, ஒருவர் தவறை இன்னொருவர் கணக்கில் ஒளித்து வைக்கிறது கஷ்டம். ஆனால் எண்களைப் பகிரங்கமாக வைத்தால்தான் அந்த நன்மை கிடைக்கும்.

தலவாக்கலைக் கடை:
எல்லோருக்கும் மிச்சம் நன்றி. டீச்சர், பொதுமக்கள் கருத்து என்றீர்களே, என்னைப் போன்ற கடைக்காரன் எழுதினால் எடுப்பார்களா? தமிழில் எழுதலாமா?

பண்டாரவளை டீச்சர்:
தாராளமாகத் தமிழில் எழுதுங்கள், அது உங்கள் உரிமை. கட்டண யோசனை வரும்போது ஆணைக்குழு திகதி அறிவிக்கும், எழுத்திலும் கொடுக்கலாம், வாய்மூல அமர்விலும் பேசலாம். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போடுங்கள், தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். "விலை ஏன் கூடியது" என்று கேட்காதீர்கள், பொதுவான பதில்தான் வரும். போன வருடம் மவுசாக்கலையின் நீர்மட்டம் மாதாமாதம் என்ன, அதே மாதங்களில் எண்ணெய் நிலையங்களில் எத்தனை யூனிட் எடுத்தார்கள் என்று எண்ணாகக் கேளுங்கள்.

தலவாக்கலைக் கடை:
சரி டீச்சர். ஞாயிற்றுக்கிழமை கடை மூடின பிறகு எழுதி இங்கே போடுகிறேன், அனுப்புவதற்கு முன் நோர்ட்டன் அண்ணனும் ஒருதரம் பார்த்துத் திருத்தித் தாருங்கள். அந்தத் தோட்டத்து அண்ணனையும் கையெழுத்துப் போடச் சொல்லப்போகிறேன்.