மறு: வீடியோ விக்குவதற்கு என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம்.

வீடியோ ஓடும்போது இடையிடையே படங்கள் விடுபட்டுப் போவதற்கு (ஆங்கிலத்தில் பிரேம் டிராப்) நம் கலைச்சொல் பட்டியலில் என்ன சொல் வைப்பது என்ற கேள்விக்கு இரண்டு நாளாக வந்த மடல்களை இன்றுதான் சேர்த்துப் படித்தேன். நான் தக்கலையில் மாலை நேரங்களில் லேப்டாப் பழுது பார்ப்பவன். அகராதிக்காரன் இல்லை. அதனால் என் கடைமேசையில் நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன்.

போன வாரம் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் 2012-இல் வாங்கிய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்றாம் தலைமுறை ஐ5. “மக்களே, வீடியோ போட்டா ஒரே பஃபரிங்கா கெடக்கு. நெட்டு போட்டுத் தந்தவனக் கூப்பிட்டுச் சண்டையும் போட்டாச்சு” என்றார். எந்த வீடியோ சார் என்று கேட்டேன். சுசீந்திரம் மார்கழித் தேரோட்டத்தைப் பேரன் போனில் எடுத்து, பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருக்கிறான். இணையத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை!

ஓடவிட்டுப் பார்த்தேன். மேளச் சத்தம் ஓர் அடி பிசகாமல் வருகிறது. தேர் மட்டும் தாவித் தாவிப் போகிறது. வடம் பிடித்தவர்களின் கால் ஓரிடத்தில் நிற்கும், அடுத்த நொடி நாலடி தள்ளி இருக்கும். நம் சிக்கல் முழுவதும் இதில் இருக்கிறது. பஃபரிங் என்றால் படமும் சத்தமும் சேர்ந்து நிற்கும், வட்டம் சுற்றும். இங்கே சத்தம் ஓடுகிறது, படம் விழுகிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் பாவம், நெட்டுக்காரன் திட்டு வாங்கினான்.

வீடியோவை ஓட்டும் இயக்கியான வி.எல்.சி.யில் ஊடகத் தகவலின் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்தேன். ஒரு நிமிடத்தில் வர வேண்டியது 3,600 படம், ஏனென்றால் நொடிக்கு 60. அதில் 2,000-க்கும் மேல் ‘லாஸ்ட்’ (தொலைந்தது) கணக்கில் இருந்தது. பேரனின் போன் 4கே-யில், எச்.இ.வி.சி என்ற சுருக்க வடிவில் எடுத்திருக்கிறது. அந்த வடிவம் வந்ததே 2013-இல். இன்டெல் சில்லுகளில் அப்படிச் சுருக்கியதைப் படங்களாக விரிப்பதற்கான தனி மின்சுற்று ஆறாம் தலைமுறையில், 2015-இல்தான் முழுதாக வந்தது. அதற்கு முந்தைய இந்த லேப்டாப் எல்லாவற்றையும் பொதுச் செயலியை வைத்தே விரிக்க வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 16.7 மில்லிநொடி. முடியவில்லை. சத்தத்தைத்தான் இயக்கி கடிகாரமாக வைத்திருக்கிறது. அந்த நேரத்துக்குள் வந்து சேராத படத்தைக் காட்டாமல் கழித்துவிடுகிறது.

இப்போது உங்கள் பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> ‘தவறிய சட்டகம்’ போதுமே.

இரண்டு குறை. படம் தானாகத் தவறவில்லை, கழிக்கப்பட்டது. அப்புறம், பிரேமுக்குச் ‘சட்டகம்’ என்பது எனக்கு எப்போதுமே உறுத்தும். எங்கள் ஊரில் சட்டம் என்றால் சுவரில் தொங்கும் தாத்தா போட்டோவைச் சுற்றியுள்ள மரம். வீடியோவில் நாம் எண்ணுவது உள்ளே இருக்கும் படத்தை.

> நன்னூலிலேயே இருக்கிறது. ‘ஓந்தி’ நடுவில் ஓர் எழுத்துக் குறைந்து ‘ஓதி’ ஆவது போலத்தானே? ‘இடைக்குறை’ என்று வைப்போம்.

இதை மிகவும் ரசித்தேன். எழுதியவர் சொல்லாமல் விட்ட பொருத்தம் ஒன்றும் உண்டு: செய்யுளில் எழுத்தைக் குறைப்பது ஓசை கெடாமல் இருக்க, இங்கே படத்தைக் கழிப்பதும் ஒலியோடு ஒத்துப்போக. ஆனால் பஃபருக்கு ‘இடையகம்’ என்று ஏற்கெனவே வைத்திருக்கிறோம். இரண்டும் ‘இடை’யில் தொடங்கினால் ஆசிரியர் மறுபடியும் நெட்டுக்காரனைத்தான் கூப்பிடுவார்.

> எல்லாரும் பிரேம் டிராப் என்றுதான் சொல்கிறார்கள். விட்டுவிடலாமே.

எல்லாரும் அதைச் சொன்னால் எனக்கும் வேலை மிச்சம். என் மேசைக்கு வருகிறவர்கள் சொல்வது ‘பஃபரிங்’.

என் பரிந்துரை: உதிர்படம்.

இந்தச் சொல் தென்னந்தோப்பில் கிடைத்தது. ஆசிரியருக்குத் தென்னை உண்டு என்பதால், “சார், மரத்துக்குத் தாங்க முடியாத குரும்பையை உதிர்த்துடும்லா? இதுவும் அப்படித்தான், தாங்காத படத்தை உதிர்க்குது” என்றேன். அடுத்த கேள்வி அவரிடமிருந்தே வந்தது: “அப்போ காயக் குறைக்கணுமா, உரம் வைக்கணுமா?” வீடியோவை இலகுவாக்குவதா, புது லேப்டாப் வாங்குவதா என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் கேட்டதில்லை. காயைக் குறைத்தோம். ஹேண்ட்பிரேக் மென்பொருளில் 1080 அளவுக்கு, நொடிக்கு 30 படமாக, எச்.264 என்ற பழைய வடிவத்துக்கு மாற்றினோம். நாலு நிமிட வீடியோவுக்கு ஒரு மணி நேரம் போல ஆனது. எச்.264-ஐ விரிக்கும் சுற்று அந்தச் சில்லிலேயே இருப்பதால் தேர் அலுங்காமல் நிலைக்கு வந்தது. உதிர்படம் 3.

இலக்கணமாகவும் சரியாக நிற்கிறது. வரைபடம் போல இதுவும் வினைத்தொகை. படம் உதிர்ந்தது, இயக்கி படத்தை உதிர்த்தது என்று இரண்டு பக்கமும் வினை கிடைக்கும். ‘412 உதிர்படங்கள்’ என்று எண்ணவும் வரும். படம் என்றால் சினிமா ஆகிவிடாதா என்று கேட்பீர்கள். வரைபடத்தையும் நிழற்படத்தையும் யாரும் தியேட்டரில் தேடவில்லை.

ஆங்கிலத்திலும் இது ஒழுங்காக இல்லை என்பதைக் கவனியுங்கள். வி.எல்.சி ‘லாஸ்ட்’ என்கிறது, யூடியூபின் புள்ளிவிவரப் பெட்டி ‘டிராப்டு’ என்கிறது. நாம் இரண்டுக்கும் உதிர்படம் என்றே போடலாம்.

யூடியூபில் உதிர்கிறது என்று எழுதிய கோவை அம்மாவுக்கு: உங்கள் லேப்டாப்புக்கு அது வி.பி.9 அல்லது ஏ.வி.1 என்ற புதிய வடிவத்தை அனுப்பிக்கொண்டிருக்கலாம். எந்த வடிவம் என்று காட்டும் கோடெக் வரியைப் பெட்டியில் பாருங்கள். எச்.264-ஐ மட்டும் கேட்டு வாங்கும் உலாவி நீட்சிகள் இருக்கின்றன. 1080 வரைதான் கிடைக்கும், பழைய திரைக்கு அது தாராளம். பத்து நிமிடம் நன்றாக ஓடிய பிறகு உதிர ஆரம்பித்தால் சூடு. செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. விசிறியைத் திறந்தால் கம்பளித் துணி போலத் தூசி வரும், பயப்பட வேண்டாம்.

பட்டியலில் நான் சேர்க்கப்போவது: இடையகக் காத்திருப்பு, உதிர்படம், உதிர்வு வீதம். ‘விக்கல்’ என்ற சொல்லைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். நொடிக்கு 24 படமுள்ள சினிமாவை 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஓட்டினால், ஒன்றுகூட உதிராமலேயே கண்ணுக்கு லேசாகத் தட்டும். ஒரு படம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையும் காட்டப்படுவதுதான் காரணம். விக்கல் அதற்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்களன்று பட்டியலில் ஏற்றிவிடுவேன்.