புதுப்பிப்பு: பரண் ஒழிந்தது, தண்ணீரும் வந்தது

பரணை ஒழிக்கப் போகிறேன், வாய்க்காலில் இன்னும் தண்ணீர் வரவில்லை என்று போன வாரம் எழுதியிருந்தேன் அல்லவா? பரண் முக்கால்வாசி ஒழிந்தது. சாக்குகள், கம்பி உடைந்த குடை, எல்லாவற்றுக்கும் அடியில் தம்பியின் அர்ஜென்டினா சட்டை. கழுத்தோரம் எலி கடித்திருக்கிறது. 2022 டிசம்பர் 18 இரவு, உலகக் கோப்பை கால்பந்து இறுதி ஆட்டம் 3-3 ஆகி, பெனால்டியில் 4-2 என்று அர்ஜென்டினா பிரான்ஸை வென்றபோது அவன் போட்டிருந்தது. தெருவே விழிக்கும்படி கத்தினான். தூக்கிப்போட மனசு வரவில்லை, துவைத்துக் காயப்போட்டேன்.

அப்புறம் தண்ணீர். வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூரைத் திறந்தாலும் திருத்துறைப்பூண்டிப் பக்கக் கடைமடைக்கு வர நாளாகும். தூர்வாராத வாய்க்கால் என்றால் இன்னும் தாமதம். நேற்று விடியலில் நுரையும் சருகுமாக வந்தேவிட்டது. அம்மா காபி டம்ளரோடு மதகடியில் நின்றார், காபி ஆறும்வரை.