மஞ்சள் போர்டு பிக்கப் ஏற்காடு மலைப்பாதையில் போகலாமா?

வணக்கம் நண்பர்களே. சேலத்தில் பழைய பிக்கப் ஒன்று வாங்கியிருக்கிறேன். மஞ்சள் போர்டு. ஏற்காடு மலையில் நாகலூரில் உள்ள மாமாவின் தோட்டத்திலிருந்து மிளகும் காபிக்கொட்டையும் இறக்கி சேலம் லீ பஜார் சந்தைக்குக் கொண்டுவர வேண்டும்.

போன வாரம் காலி வண்டியோடு ஏறும்போது அடிவாரத்தில் ஒருவர் நிறுத்தி, "சரக்கு வண்டியெல்லாம் குப்பனூர் வழியாப் போங்க" என்றார். எனக்கு முன்னால் போன மச்சானின் வெள்ளை போர்டு ஜீப்பை யாரும் கேட்கவில்லை. அதில் என் வண்டியைவிட அதிக எடை இருந்தது என்பது வேறு கதை! அயோத்தியாப்பட்டணம், குப்பனூர், கொட்டச்சேடு என்று சுற்றிப் போனதில் பாதி நாள் போய்விட்டது.

உரிமத்தில் சிக்கல் இல்லை. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை சாதாரண கார் உரிமத்திலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரக்கோடு சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாவிட்டால் பெர்மிட்டும் வேண்டாம். எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக இருக்கின்றன.

என் கேள்வி இதுதான்: 20 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதையில் தடை கனரக வண்டிக்கு மட்டுமா, மஞ்சள் போர்டு என்றாலே தடையா? மழைக்காலத்துக்கு மட்டுமா, எப்போதுமா? எழுத்தில் உத்தரவு ஏதாவது இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள், அடுத்த முறை கையில் வைத்துக்கொள்கிறேன்.

அப்புறம், தோட்டத்து ஆட்களைப் பின்னால் ஏற்றி வரலாமா என்று மாமா கேட்கிறார். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவர் நம்பவில்லை, நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.