சந்தேகம்: படகுக்கு அடியில் இறங்க 3 மி.மீ. வெட்சூட்டா, 5 மி.மீ.யா?

பாய்மரக்காரன் (சிட்னி):
பிட்வாட்டர் கடற்கழியில் மூரிங்கில் (கடலடியில் நங்கூரமிட்ட மிதவையில்) கட்டிக் கிடக்கும் 28 அடிப் பழைய பாய்மரப் படகு என்னுடையது. புரொப்பல்லர் முழுக்க பார்னக்கிள் (ஒட்டிக்கொண்டு வளரும் ஓடுள்ள கடலுயிரி) அப்பிக்கிடக்கிறது, எஞ்சினை எவ்வளவு முறுக்கினாலும் நகர மறுக்கிறது. கரையேற்றிச் சுத்தம் செய்யக் காசு கட்டுப்படியாகாது என்று ஆன்லைனில் 5 மி.மீ. தடிமனில் முழு வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை) வாங்கி, ஸ்னார்க்கல் என்ற மூச்சுக்குழாய் மாட்டிக்கொண்டு நேற்று இறங்கினேன். தண்ணீர் 18 டிகிரி, குளிரே தெரியவில்லை. ஆனால் அடியில் நுழைந்ததும் சூட் என்னைத் தூக்கிப் பல்லி மாதிரிப் படகோடு ஒட்டவைத்துவிட்டது. ஒரு கையால் புரொப்பல்லரைச் சுழற்றும் ஷாஃப்டைப் பிடித்து மறு கையால் நாலு சுரண்டு, அதற்குள் மூச்சு முட்டிவிடும். முழங்கைப் பக்கம் கிழிந்தும் போச்சு. 3 மி.மீ. வாங்கியிருக்க வேண்டுமோ?

சங்குக்காரர்:
தம்பி, தூத்துக்குடியில் நாங்கள் பார்னக்கிளைக் கொட்டலசு என்போம், பிளேடு மாதிரி அறுக்கும். உங்கள் சூட் வெளிப்பக்கம் வழுவழு ரப்பரா? அப்படியென்றால் இந்த வேலைக்கு ஆகாது, இரண்டு பக்கமும் நைலான் துணி ஒட்டியதுதான் தாங்கும். புதுசு வேண்டாம், யாராவது கழித்துப்போட்ட பழைய சூட்டே போதும். கையுறை கட்டாயம்.

ஆழக்காரி (மெல்பர்ன்):
சூட்டில் தப்பில்லை அண்ணா, எடை கட்டாமல் இறங்கியதுதான் தப்பு. சூட் செய்யும் நியோப்ரீன் ரப்பருக்குள் முழுக்க வாயுக் குமிழிகள். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்காவதால் அவை சுருங்கி மிதப்பு குறையும். நீங்கள் நிற்பதோ ஒன்றரை மீட்டரில், அங்கே அவை கொஞ்சம்தான் சுருங்கும். ஒரே இழுப்பில் கழலும் பக்கிள் உள்ள வெயிட் பெல்ட் வாங்கி, படகுக்குப் பக்கத்திலேயே ஒவ்வொரு கிலோவாகச் சேர்த்துப் பாருங்கள். மூச்சை நிறைய இழுத்துப் பிடித்தால் அசையாமலே தலை மேலே நிற்க வேண்டும். மூழ்கினால் எடை அதிகம், குறையுங்கள், மூச்சடக்கி வேலை செய்பவருக்கு அது ஆபத்து. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் அடி வழியாக ஒரு கயிறும் கட்டிவிட்டால் பிடிமானம் கிடைக்கும். இறங்குமுன் பத்துத் தடவை வேகவேகமாக மூச்சு வாங்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், அதில்தான் தண்ணீருக்குள்ளேயே மயங்குவார்கள்.

சங்குக்காரர்:
எஞ்சின் சாவி உங்கள் கையிலேயே இருக்கட்டும். மேலே ஒரு ஆள் நிற்காமல் இறங்கவே கூடாது. கடலுயிர்கள் ஒட்டாமலிருக்க அடிப்பெயின்ட் பூசிய இடத்தைச் சுரண்டாதீர்கள், அதிலுள்ள செம்பு கடலில் கரையும். புரொப்பல்லரும் ஷாஃப்டும் போதும். தலைக்கு நியோப்ரீன் தொப்பி போட்டீர்களா?

பாய்மரக்காரன்:
இன்று அதே சூட்டோடு 4 கிலோ கட்டி இறங்கினேன், மச்சான் மேலே காவல். புரொப்பல்லர் பளபளவென்று ஆகிவிட்டது. தொப்பி மட்டும் போடவில்லை. சுரண்டும்போது உதிர்ந்த குட்டிக் குட்டி இறால் மாதிரிப் பூச்சிகள் தலைமுடியெல்லாம் ஏறி, வீட்டுக்கு வந்தும் ஒன்று காதுக்குள் குறுகுறு என்று ஊர்ந்துகொண்டே இருந்தது. தொப்பி எத்தனை மி.மீ. வாங்கலாம்?