சாம்பல் பல்கர் ஓட்டத்துக்கு மின்சார டிராக்டர் வாங்கலாமா?

சங்ககிரி லாரிக்காரி (கேள்வி)

எங்களிடம் ஐந்து பல்கர் டிரெய்லர்கள் (சாம்பல், சிமெண்ட் போன்ற தூளை ஏற்றும் மூடிய தொட்டி வண்டிகள்) ஓடுகின்றன. அப்பா ஆரம்பித்த தொழில். டியூ, எஃப்.சி., டிரைவர் பேட்டா, டயர் கணக்கு எல்லாம் இப்போது என் பொறுப்பு. அனல்மின் நிலையச் சாம்பலை ஏற்றி சிமெண்ட் அரைவை ஆலையில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புவதுதான் முழுநேர வேலை. ஒரு பக்கம் 58 கி.மீ., ஒரு நடைக்கு 116 கி.மீ. இரண்டு இடமும் எங்களுக்குச் சோறு போடும் இடங்கள், அதனால் பெயர் வேண்டாம்.

டிரெய்லரை இழுக்கும் முன்பக்க லாரியை நாங்கள் டிராக்டர் என்போம், அதில் ஒன்றின் ஆயுள் முடிகிறது. மாற்றியாக வேண்டும். சுமையோடு சேர்த்து 55 டன் வகை மின்சார டிராக்டர் ஒன்றை ஒரு டீலர் காட்டினார். விலை, டீசல் வண்டியைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல். "டீசல் செலவு பாதியாகிவிடும் மேடம்" என்கிறார். அவர் டேப்லெட்டில் காட்டிய கணக்கில் வண்டி வருடம் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கிறது. அப்படி ஓடும் லாரியை நான் இதுவரை பார்த்ததில்லை.

எங்கள் நிலவரம்: ஏற்றிப் போகும்போது லிட்டருக்கு இரண்டரை, காலியாக வரும்போது நாலரை, சராசரி 3.2 கி.மீ. டீசல் 92 ரூபாய். ஒரு வண்டி நாளுக்கு இரண்டு நடை. அப்பா எல்.என்.ஜி. (திரவ எரிவாயு) வண்டி பக்கம் சாய்கிறார். கணக்கு தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "எதிர்காலமே மின்சாரம்தான்" என்ற பேச்சு டீலரிடமே நிறையக் கேட்டாகிவிட்டது.

பழைய பெர்மிட்

தங்கச்சி, பேசாமல் டீசலே எடு. முதல் ஆள் வாங்கி அடிபடட்டும், அப்புறம் நாம் வாங்கலாம். பழைய வண்டியாக விற்கும்போது டீசலுக்கு ராஜஸ்தான்காரன் வரை வந்து விலை பேசுவான். பேட்டரி வண்டியை யார் கேட்பார்கள்? ரயில் மாதிரி ரோட்டுக்கு மேலே கம்பி கட்டினால் நானும் வாங்குகிறேன்.

ஒரகடம் இன்ஜினியர்

அண்ணே, கம்பியும் கட்டிப் பார்த்தாகிவிட்டது. ஜெர்மனியில் பிராங்பர்ட்டுக்குத் தெற்கே ஏ5 நெடுஞ்சாலையில் 2019-இல் மேலே மின்கம்பி போட்டு, லாரியின் தலையில் ரயில் எஞ்சினில் இருப்பது போலவே கம்பியைத் தொடும் கை ஒன்றைப் பொருத்தி ஓட்டினார்கள். தொழில்நுட்பம் வேலை செய்தது. கம்பி கட்டும் செலவை நாடு முழுக்க யார் தாங்குவது என்பதற்குப் பதில் கிடைக்கவில்லை. 2024 முடிவோடு சோதனை ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

இனி மேடத்தின் கணக்கு. இது என் வேலையை ஒட்டிய விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நம் ஊர்ச் சந்தையில் 55 டன் வகையில் மோன்ட்ரா ரைனோ இருக்கிறது: 282 யூனிட் பேட்டரி, நிறுவனம் சொல்லும் தூரம் 198 கி.மீ. அசோக் லேலண்ட் அவதார் 55டி-யில் 301 யூனிட், 185 கி.மீ. வகுத்துப் பார்த்தால் கி.மீ.க்கு ஒன்றரை யூனிட் பக்கம் வரும். உங்கள் ஓட்டத்தில் பாதித் தூரம் காலி வண்டி, பாதை பெரிய ஏற்றம் இல்லாதது என்றால் 1.3 வரும் என்று வைக்கிறேன். சார்ஜ் ஏற்றும்போது ஆகும் இழப்பையும் சேர்த்து 1.45. யூனிட் எல்லாம் சேர்ந்து 10 ரூபாய் என்றால் கி.மீ.க்கு 14.50. உங்கள் டீசல் 28.75, புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் யூரியாவையும் சேர்த்தால் 30-ஐத் தொடும். ஆகவே மிச்சம் கி.மீ.க்கு சுமார் 15 ரூபாய். "பாதி" என்று டீலர் சொன்னது பொய்யில்லை.

ஆனால் இந்த 15 ரூபாய் வண்டி ஓடினால்தான் வரும். இரண்டு நடை, வருடத்துக்கு 280 நாள் என்றால் 65,000 கி.மீ. மிச்சம் பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. விலை வித்தியாசம் 80 லட்சம், அதில் மத்திய அரசு மானியம் 9.6 லட்சமும் (விவரம் கீழே) முழுதாகக் கிடைத்துவிட்டது என்று வைத்தாலும் மீதி 70 லட்சம். வட்டியே போடாமல் ஏழு வருடம். வட்டி போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதே வண்டி மூன்று நடை அடித்தால் வருடம் 97,000 கி.மீ., மிச்சம் பதினாலரை லட்சம், ஐந்து வருடத்துக்குள் அசல் வந்துவிடும். மானியத் திட்டத்தின் விதிப்படி பேட்டரிக்கு ஐந்து வருடம் அல்லது ஐந்து லட்சம் கி.மீ. உத்தரவாதம் தந்தாக வேண்டும். மூன்று நடை ஓடினால் ஏறத்தாழ அந்த எல்லைக்குள் கடன் தீரும். இரண்டு நடையில் கடன் முடியும் முன்பே உத்தரவாதம் முடிந்துவிடும். உங்கள் முடிவு பேட்டரியில் இல்லை, அந்த மூன்றாவது நடையில் இருக்கிறது.

மானியத்தில் ஒரு சிக்கு. மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் மின்சார லாரிகளுக்கென்று 500 கோடி ஒதுக்கினார்கள், வண்டிக்கு உச்சபட்சம் 9.6 லட்சம். பழைய லாரி ஒன்றை அங்கீகாரம் பெற்ற உடைப்பு மையத்தில் கொடுத்த சான்று இருந்தால்தான் கிடைக்கும். உங்கள் பழைய டிராக்டரை விற்பதற்கு முன் இதைப் பாருங்கள். நல்ல விஷயமும் உண்டு: மின்சார சரக்கு வண்டிக்கு 2018-லிருந்தே பெர்மிட் தேவையில்லை.

காங்கேயம் பிட்டர்

கணக்கெல்லாம் சரிங்க சார். வண்டி ஓடுவதைக் கணக்குப் போட்டீர்கள், சாம்பலை இறக்குவதைப் போடவில்லையே? பல்கரில் உள்ள சாம்பல் தானாகக் கொட்டாது. கம்ப்ரசரில் காற்று அடித்து, குழாய் வழியாக ஆலையின் சைலோவுக்கு (உயரமான சேமிப்புத் தொட்டி) மேலே தள்ள வேண்டும். பாதி வண்டிகளில் அந்தக் கம்ப்ரசர் லாரி எஞ்சினில் இருந்து பி.டி.ஓ. (எஞ்சின் சுழற்சியை வேறு கருவிக்கு எடுத்துக் கொடுக்கும் இணைப்பு) போட்டு ஓடுகிறது. மீதியில் டிரெய்லர் மேலேயே தனி டீசல் எஞ்சின் உட்கார்ந்திருக்கிறது.

மேடம், உங்களுடையது எது? பி.டி.ஓ. என்றால் மின்சார டிராக்டரில் அதை மாட்ட இடமே இருக்காது. தனி மோட்டார் வைத்துத் தரச் சொல்லி கம்பெனியிடம் கேட்க வேண்டும், அது குடிக்கும் கரண்டும் இதே பேட்டரியில்தான். சைலோவின் உயரத்தைப் பொறுத்து இறக்க ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். தனி எஞ்சின் என்றால் பிரச்சினை இல்லை, ஆனால் "புகையில்லாத வண்டி" என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு பின்னால் டீசல் புகை விட்டுக்கொண்டு நிற்கும், பார்க்க நன்றாக இருக்காது.

இன்னொன்று. உங்கள் ஓட்டத்துக்கு இப்போதைய புகை விதிப்படி வரும் பி.எஸ்.6 டீசல் வண்டியும் ஒத்துவருவதில்லை. நின்று நின்று போகிற, வரிசையில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிற வண்டிகள்தான் எங்கள் பட்டறைக்கு அதிகம் வருகின்றன. புகைபோக்கி வடிகட்டி சூடாகவே ஆகாது, கரி அடைத்துக்கொள்ளும், விளக்கு எரியும், இழுவை போய்விடும். சென்னை, பெங்களூர் என்று மூச்சுவிடாமல் ஓடும் வண்டிக்கு இந்தத் தொல்லை குறைவு. அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்.

சங்ககிரி லாரிக்காரி

பிட்டர் அண்ணா, மூன்று டிரெய்லரில் தனி எஞ்சின், இரண்டில் பி.டி.ஓ. மாற்றப்போகும் வண்டி பி.டி.ஓ. டீலர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை, அவருக்குப் பல்கர் என்றால் என்னவென்றே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

இன்ஜினியர் சார், மூன்றாவது நடைதான் எங்கள் ஆசையும். ஓட்டத்துக்கு நேரம் பிரச்சினை இல்லை. 58 கி.மீ. ஒன்றரை மணி நேரம். ஆனால் ஏற்றும் இடத்தில் டோக்கன் போட்டு மூன்று மணி நேரம், இறக்கும் இடத்தில் எடைமேடை வரிசை, சாம்பிள் எடுப்பது, ஈரப்பதம் பார்ப்பது என்று இரண்டு மணி நேரம். சில நாள் காலை ஷிப்டில் பதினைந்து பல்கர் ஒரே நேரத்தில் போய் நிற்கும், மதியம் இரண்டு மணிக்கு ஒரு வண்டி இருக்காது. டிரைவர்கள் வரிசையில் இடம்பிடிக்க விடியற்காலை மூன்று மணிக்கே கிளம்புகிறார்கள். ஐந்து வருடமாகச் சொல்லிப் பார்க்கிறோம்.

கிளிங்கர் கணேசன்

மேடம், நான் மத்தியப் பிரதேசத்தில் ஒரு சிமெண்ட் ஆலையின் அனுப்புகைப் பிரிவில் இருந்தவன், இப்போது ஓய்வு. உங்கள் கேள்வியை ஆலையின் பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

சிமெண்ட் தொழிலில் மின்சார டிரெய்லர் புதிதல்ல. அல்ட்ராடெக் நிறுவனம் மத்தியப் பிரதேசத்தின் தார் ஆலையிலிருந்து மகாராஷ்டிராவின் துலே அரைவை ஆலைக்கு மின்சார டிரெய்லரில் கிளிங்கர் (அரைத்தால் சிமெண்டாகும் சூளைக் கட்டி) அனுப்பியது. இதுமாதிரி ஓட்டங்களில் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ஏற்றும் இடமும் இறக்கும் இடமும் மாறாது, சார்ஜர் எங்கே வேண்டும் என்று முன்பே தெரியும், சரக்குக்குச் சொந்தக்காரர் பல வருட ஒப்பந்தம் தருவார். ஐந்து வண்டி வைத்திருப்பவர் இந்த மூன்றும் இல்லாமல் தன் ஷெட்டில் சார்ஜர் போட்டு முயன்றால் கஷ்டம்தான். 240 கிலோவாட் சார்ஜர் என்றால் எச்.டி. (உயர் அழுத்த மின்சார) இணைப்பு, சொந்த டிரான்ஸ்பார்மர், கேபிள் என்று போகும். ஒரு வண்டிக்காக அந்தச் செலவைச் செய்யாதீர்கள். ஆலையிடம் எச்.டி. மின்சாரம் ஏற்கெனவே இருக்கிறது. சார்ஜரை அவர்கள் இறக்கும் மேடைக்குப் பக்கத்தில் போடட்டும்.

உங்களுடைய வண்டி இறக்கும் இடத்தில் எப்படியும் இரண்டு மணி நேரம் நிற்கிறது. 120 கிலோவாட் சார்ஜராக இருந்தாலும் அதில் இருநூறு யூனிட்டுக்கு மேல் ஏறிவிடும், ஒரு முழு நடைக்கு அது தாராளம். சார்ஜுக்கு என்று தனி நேரமே வேண்டியதில்லை. கம்ப்ரசரையும் அங்கே தரையில் ஒரு மோட்டார் கம்ப்ரசராக வைத்துவிட்டால் பிட்டர் தம்பி சொன்ன சிக்கலும் தீரும். பல ஆலைகளில் அப்படித் தரைக் கம்ப்ரசர் இருக்கிறது. வண்டியில் அந்த எடையும் குறையும். மின்சார வண்டியில் பேட்டரியே இரண்டு டன் பக்கம் தின்றுவிடுகிறது, டன் கணக்கில் வாடகை வாங்குபவருக்கு இது சின்ன விஷயமில்லை.

வரிசைக்கு மருந்து நேர ஒதுக்கீடு. அதிகாலையில் எல்லாரும் வந்து நிற்பதற்குக் காரணம் "முதலில் வந்தவருக்கு முதலில்" என்ற விதிதான். அரை மணிக்கு இத்தனை வண்டி என்று போனில் இடம் பதிய வைத்து, நேரம் தவறினால் கடைசிக்குத் தள்ளினால் கூட்டம் தானாகப் பரவும். பாஸ்டேக் அட்டையைப் படிக்கும் கருவி ஒன்றை வாயிலிலும் எடைமேடையிலும் வைத்தால் டோக்கன் சீட்டே வேண்டாம். எல்லா லாரிக் கண்ணாடியிலும் அட்டை ஏற்கெனவே ஒட்டியிருக்கிறது. ஆனால் நாங்கள் இதைக் கொண்டுவந்தபோது முதலில் எதிர்த்தவர்கள் லாரி உரிமையாளர்கள் சிலரேதான். வாயிலில் ஆள் பிடித்து முன்னால் போகும் வழி அடைபட்டுவிட்டதே!

தொப்பூர் இறக்கம்

டிரைவர் பக்கம் யாருமே பேசவில்லை, அதனால் நான். ஓசூர் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஆறு மாதமாக மின்சார டிரெய்லர் ஓட்டுகிறேன். கேபினில் சத்தம் இல்லை, கிளட்ச் இல்லை, முழங்கால் வலி போய்விட்டது. இறக்கத்தில் காலை எடுத்தாலே வண்டி தானாகப் பிடிக்கிறது, கரண்டும் திரும்ப ஏறுகிறது, பிரேக் லைனிங் தேய்வதே இல்லை. டீசல் மிச்சம் பிடிக்க தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். இந்த வண்டியில் நியூட்ரல் போட்டால் உனக்குத்தான் நஷ்டம், கரண்ட் ஏறாது. அதனால் யாரும் போடுவதில்லை.

குறை: சார்ஜரில் கோளாறு என்றால் அன்றைய பொழப்பு போச்சு. நடைக்கணக்கில் பேட்டா வாங்கும் டிரைவருக்கு அந்த நாளுக்கு என்ன கொடுப்பீர்கள் என்று முதலிலேயே பேசிவிடுங்கள் அக்கா.

பழைய பெர்மிட்

எல்.என்.ஜி. பற்றி யாரும் சொல்லவில்லை. தங்கச்சியின் அப்பா கேட்டது அதுதானே?

ஒரகடம் இன்ஜினியர்

நியாயம். எல்.என்.ஜி. என்பது மைனஸ் 162 டிகிரியில் திரவமாக வைத்திருக்கும் எரிவாயு. ஒரு தடவை நிரப்பினால் ஆயிரம் கி.மீ. தாண்டும், அதனால் வடக்கே போகும் லைன் வண்டிகளுக்குப் பொருத்தம். எவ்வளவு நல்ல டேங்க் ஆனாலும் மெல்ல மெல்லச் சூடாகி உள்ளே அழுத்தம் ஏறும், வண்டி பல நாள் நின்றால் வாயுவை வெளியே விட்டுத்தான் ஆகவேண்டும். அது காசும் போச்சு, மீத்தேன் என்பதால் காற்றுக்கும் கேடு. மேடத்தின் வண்டி தினமும் ஓடுவதால் அந்தப் பயம் இல்லை. பங்க் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. நிரப்புவதற்காகவே பாதை விலகிப் போக வேண்டியிருந்தால் மிச்சம் அதிலேயே கரைந்துவிடும். விலையும் இறக்குமதியைப் பொறுத்து ஆடும். 58 கி.மீ. போய் வரும் வண்டிக்கு நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

ஐஐடி மெட்ராஸில் புகையில்லா லாரிகளுக்கென்றே 2023-இல் ஒரு மையம் தொடங்கினார்கள். உங்கள் ஓட்டத்தின் ஜி.பி.எஸ். பதிவு மூன்று மாதத்துக்கு இருந்தால் அவர்களுக்கு எழுதிப் பாருங்கள். எங்கே எத்தனை நிமிடம் நின்றது என்பது வரை அதில் இருக்குமே.

சங்ககிரி லாரிக்காரி

எல்லாருக்கும் நன்றி. ஜி.பி.எஸ். பதிவு இருக்கிறது, நிற்கும் நேரத்தைத் தனியாகப் பிரித்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். டீலரை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன். பழைய டிராக்டரைப் பேசி முடித்த புரோக்கரிடமும் பொறுக்கச் சொல்லியாகிவிட்டது.

அடுத்த வாரம் அரைவை ஆலையின் லாஜிஸ்டிக்ஸ் மேலாளரைப் பார்க்கிறேன். கேட்கப்போவது: இறக்கும் மேடையில் சார்ஜரும் தரைக் கம்ப்ரசரும், அரை மணி நேர ஒதுக்கீடு, ஐந்து வருட ஒப்பந்தம். மூன்றும் கிடைத்தால் ஒரு வண்டி மின்சாரம். நேர ஒதுக்கீடு மட்டும் கிடைத்தால் டீசலே எடுத்து மூன்று நடை ஓட்டுவேன். ஒன்றும் கிடைக்காவிட்டால் இருக்கும் வண்டிக்கே எஞ்சின் வேலை பார்த்து இன்னும் ஒரு வருடம் தள்ளுவோம் என்கிறார் அப்பா.

கணேசன் ஐயா, ஒரு சந்தேகம். நேர ஒதுக்கீட்டை ஏற்றும் இடத்திலும் சேர்த்துச் செய்தீர்களா, இல்லை இறக்கும் இடத்தில் மட்டுமா? ஒரு முனையில் மட்டும் செய்தால் கூட்டம் அடுத்த முனைக்குப் போய்விடும் என்று தோன்றுகிறது.

கிளிங்கர் கணேசன்

இறக்கும் இடத்தில் மட்டும்தான் ஆரம்பித்தோம் அம்மா, நீங்கள் சொன்னபடியே கூட்டம் ஏற்றும் இடத்தில் போய் நின்றது. ஏற்றும் இடத்துக்காரர் தனி நிர்வாகம், அவர் சம்மதிக்க ஒரு வருடம் பிடித்தது. மேலாளரிடம் போகும்போது இரண்டு பக்கத்தையும் ஒரே கூட்டத்துக்கு அழைக்கச் சொல்லுங்கள். மற்ற பல்கர் உரிமையாளர்கள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.