எல்க் வேட்டைக்கு 6.5 கிரீட்மோரா, 300 வின்செஸ்டர் மேக்னமா?

கேள்வி: கொலராடோவில் இந்த இலையுதிர் காலத்தில் என் முதல் எல்க் (பெரிய மான்) வேட்டை. என்னிடம் 6.5 கிரீட்மோர் தோட்டா போடும் ரைஃபிள் இருக்கிறது, 400 கஜத்துக்கு அப்பால் சுட வேண்டி வந்தால் போதுமா, இல்லை இன்னும் வலுவான தோட்டா போடும் 300 வின்செஸ்டர் மேக்னம் (வின்மேக்) வாங்கிவிடலாமா?

பதில் 1: சட்டப்படி போதும். அங்கே எல்க்குக்கு 24 காலிபர் (குண்டின் விட்டம் 0.24 அங்குலம்), 85 கிரெய்ன் (சுமார் 5.5 கிராம்) எடையுள்ள, பட்டதும் விரியும் குண்டு, 100 கஜத்தில் 1000 அடி-பவுண்டு தாக்கு ஆற்றல்தான் குறைந்தபட்சம். ஆனால் பழைய வேட்டைக்காரர்கள் எல்க்குக்கு 1500 வேண்டும் என்பார்கள், 143 கிரெய்ன் கிரீட்மோர் 400 கஜத்தை எட்டும்போதே அதற்குக் கீழே இறங்கிவிடுகிறது. 200 கிரெய்ன் வின்மேக் 500 கஜத்திலும் 2000-க்கு மேல் வைத்திருக்கும்.

பதில் 2: அவர் சொல்வது சரிதான் ப்ரோ, ஆனா வின்மேக்கின் உதை (சுடும்போது தோளில் பின்னோக்கி இடிப்பது) கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, தோள் பயந்து துப்பாக்கி விசையை வெடுக்கென்று இழுத்தால் குண்டு வயிற்றில் பாயும், அந்த மிருகம் மைல் கணக்கில் ஓடிப்போய்ச் சாகும். கிரீட்மோரையே வைத்துக்கொண்டு 300 கஜத்துக்குள் நெருங்குங்கள். காற்று சுழலும் மலைச்சரிவில் அதுவே தூரம்தான்.

கேள்வி கேட்டவர்: நடுவில் 7 எம்எம் ரெமிங்டன் மேக்னம் எப்படி?

பதில் 1: நல்ல தேர்வு. உதை வின்மேக்கைவிடக் குறைவு, 1962-லிருந்து எல்க் வீழ்த்துகிறது.