20 ஜிபி காலி, ஆனால் 7 ஜிபி வீடியோ ஏறவில்லை

திருமங்கலம் ஸ்டூடியோ:
கல்யாண வீடியோ எடுப்பது தொழில். போன முகூர்த்தத்து வீடியோ எடிட் முடிந்து ஒரே ஃபைலாக 7 ஜிபி வந்திருக்கிறது. பெண்ணின் அப்பா 32 ஜிபி பென் டிரைவ் ஒன்றைக் கொடுத்து இதில் போட்டுத் தாங்க தம்பி என்றார். அவர் வீட்டு போட்டோக்கள் கொஞ்சம் அதில் கிடக்கின்றன, அது போக 20 ஜிபி காலி. காப்பி போட்டால் ஃபைல் ரொம்பப் பெரிசு என்று நின்றுவிடுகிறது. 20-இல் 7 அடங்காதா? டிரைவ் டூப்ளிகேட்டா?

கீழமாசி கணக்குப்பிள்ளை:
டிரைவ் நல்லதுதான். ப்ராப்பர்ட்டீஸ் பாருங்கள், ஃபேட்32 என்று இருக்கும், டிரைவில் ஃபைல்களை வைத்துக் கணக்கு எழுதுகிற ஒரு முறை அது.

நான் மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவன், அதனால் எனக்குத் தெரிந்த குடோனை வைத்தே சொல்கிறேன். சரக்கு வேறு, பேரேடு வேறு. டிரைவ் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள், கிளஸ்டர் என்பார்கள், 32 ஜிபியில் பெரும்பாலும் ஒன்று 16 கேபி. ஒரு லோடு வற்றல் வந்தால் பக்கத்துப் பக்கத்திலேயே அடுக்க வேண்டும் என்றில்லை, 40-ஆம் கட்டத்தில் கொஞ்சம், 212-இல் கொஞ்சம் என்று காலி இடம் பார்த்து இறக்கலாம். எந்தக் கட்டத்துக்கு அடுத்தது எது என்று குறித்து வைக்கிற அட்டவணைதான் ஃபேட். அது கெட்டால் குடோன் நிறையச் சரக்கு இருந்தும் எடுக்க வழியில்லை என்பதால் வழக்கமாக இரண்டு பிரதி இருக்கும். ஃபைலின் பெயர், அளவு, முதல் கட்ட எண் இதெல்லாம் ஃபோல்டரில்.

அந்த அளவு எழுதுகிற இடத்தில்தான் உங்கள் வம்பு. அதற்கு ஒதுக்கியது 32 பிட், அதாவது 0 அல்லது 1 மட்டும் போடக்கூடிய 32 இலக்கம், எழுதக்கூடிய பெரிய எண் 4,29,49,67,295. அதாவது 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. குடோன் காலிதான், பேரேட்டில் எழுத இலக்கம் பத்தவில்லை!

மேலூர் சர்வீஸ்:
எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் போட்டால் தீர்ந்தது, அது ஃபேட்32-க்குப் பிறகு வந்த முறை, அதில் அளவுக்கு 64 பிட். ஆனால் அவர்கள் டிவி பழையதாக இருந்தால் எக்ஸ்ஃபேட்டைப் படிக்காமல் போகலாம், கேட்டுக்கொள்ளுங்கள். நானாக இருந்தால் ஃபார்மட்டே போடாமல் வீடியோவைத் தாலி கட்டு வரை ஒன்று, பந்தி முதல் ஒன்று என்று இரண்டாக வெட்டிக் கொடுத்துவிடுவேன்.

திருமங்கலம் ஸ்டூடியோ:
அண்ணே, உங்கள் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு ஃபார்மட் போட்டுவிட்டேன். போட்டோக்களை எடுத்து வைக்கவில்லை. அழகர் ஆற்றில் இறங்கும்போது அவங்க அப்பத்தாவை வைகைக் கரையில் எடுத்த படம் அதில் இருக்கிறதாம், இப்போதுதான் போனில் சொன்னார். கை நடுங்குகிறது.

மேலூர் சர்வீஸ்:
க்விக் ஃபார்மட் டிக் இருந்ததா? இருந்தால் பதறாதீர்கள். வீடியோவை மட்டும் இப்போது ஏற்றிவிடாதீர்கள், டிரைவைக் கழற்றி வையுங்கள்.

கீழமாசி கணக்குப்பிள்ளை:
ஆமாம் தம்பி, க்விக் ஃபார்மட் என்றால் பேரேட்டைக் கிழித்துப் புதுசு போடுவதுதான், மூட்டைகளில் முக்கால்வாசிக்கு மேல் அப்படியே கிடக்கும். புதுச் சரக்கு மேலே இறங்கினால்தான் போச்சு. டிக் இல்லாமல் முழு ஃபார்மட் போட்டிருந்தால் விஸ்டாவுக்குப் பிறகு வந்த விண்டோஸ் எல்லா இடத்திலும் பூஜ்யம் எழுதியிருக்கும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

ஃபோட்டோரெக் என்று இலவச மென்பொருள் இருக்கிறது. அது பேரேட்டைப் பார்க்காது, கட்டம் கட்டமாகப் போய் ஜேபெக் படம் தொடங்குகிற அடையாள பைட்டுகளைத் தேடும். மீட்பதைக் கம்ப்யூட்டரில் சேமியுங்கள், அதே டிரைவில் வேண்டவே வேண்டாம். பழைய பெயர் பெரும்பாலும் வராது, சிதறிக் கிடந்த படம் பாதியோடு நிற்கலாம்.

திருமங்கலம் ஸ்டூடியோ:
டிக் இருந்தது. ராத்திரி முழுக்க ஓட விட்டேன், 412 படம் வந்தது. எல்லாம் எஃப் என்ற எழுத்தும் ஏதோ நம்பருமாகப் பெயர், மூன்று படத்தில் கீழ்ப்பாதி சாம்பல். அப்பத்தா முழுசாக இருக்கிறார். வீடியோவை இரண்டாக வெட்டி வேறு டிரைவில் போட்டுவிட்டேன். பெண்ணின் அப்பாவிடம் ஃபார்மட் கதையை இன்னும் சொல்லவில்லை, பாக்கிப் பணம் வரட்டும்.